மெத்தென்று இருப்பது ஃப்ரேமா, டயரா?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பத்து வருடமாக ஒரே குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) ஸ்டீல் சைக்கிளை ஓட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கார்பன் ஃபைபர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் ஏறும்போது, "உன்ர ஃப்ரேம் தொளதொளன்னு இருக்குது, மிதிக்கிறதுல பாதி அதுலயே போயிருது" என்கிறார்களாம். ஃப்ரேமின் விறைப்பில் உள்ள வித்தியாசம் ஓட்டுகிறவருக்கு உண்மையிலேயே தெரியுமா, இல்லை பணம் போட்ட தெம்பில் பேசுகிறார்களா என்பது அவர் கேள்வி.

தெரியும். ஆனால் சில இடங்களில் மட்டும். அதுவும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும். ஓட்டி முடித்து டீக்கடையில் நின்று ஃப்ரேமைப் பற்றிப் பேசுவதில் பெரும்பகுதி வேறு எதையோ பற்றியது. காலும் கையும் இடுப்பும் பொய் சொல்வதில்லை. ஏதோ மாறியிருக்கிறது என்று அவை சொன்னால் மாறித்தான் இருக்கும். எது மாறியது என்று பெயர் வைக்கும் இடத்தில்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

நான் கோவை கணபதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன். அதனால் இரும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருமுறை பம்ப் பாடி ஒன்றில் ஆழமான போரிங் வேலை. டூல் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜாப்புக்குள் அலை அலையாக வரி விழுந்தது, பட்டறை முழுக்கக் கீச்சென்று சத்தம். வேலை பழகிக்கொண்டிருந்த பையன் தானாகவே யோசித்து, சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) போரிங் பாரைக் கழற்றிவிட்டு அதே தடிமனில் இஎன் 24 என்ற வலுவான அலாய் ஸ்டீலில் ஒன்று செய்து மாட்டினான். அதே சத்தம், அதே வரி. "ஏனுங்கண்ணா, நல்ல இரும்பு போட்டும் அதிருதுங்களே?" என்று முகம் வாடிக் கேட்டான். 20 மில்லி பாரை எடுத்துவிட்டு 25 மில்லி பாரை மாட்டச் சொன்னேன். சத்தம் நின்றது. வட்டக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியாக ஏறும். 20 இருந்த இடத்தில் 25 வந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

இஎன் 24 எளிதில் உடையாது, நிரந்தரமாகக் கோணவும் கோணாது. ஆனால் அதே சுமைக்கு எம்.எஸ். எவ்வளவு வளையுமோ அதே அளவு அதுவும் வளைந்து திரும்பும். பலம் வேறு, விறைப்பு வேறு. ஸ்டீல் எந்த ஜாதியாக இருந்தாலும் அதன் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) 200 கிகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். டைட்டானியம் 110 சொச்சம், அலுமினியம் 70. எடையிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான்: அலுமினியம் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு எடை, மூன்றில் ஒரு பங்கு விறைப்பு. ஆக, "குரோமோலி சாதா இரும்பைவிட ஸ்டிஃப்பா இருக்கும்" என்று சொல்கிற கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். குரோமோலி வலுவானது என்பதால் குழாயின் சுவரை மெலிதாக்க முடிகிறது, எடை குறைகிறது. மெலிதான சுவர் கூடுதலாகத்தான் வளையும்.

விறைப்பைத் தீர்மானிப்பது குழாயின் வடிவம். மெல்லிய சுவர்க் குழாயில் விட்டத்தின் மூன்றாம் மடியை சுவர்த் தடிமனால் பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய அளவான 28.6 மில்லி கீழ்க்குழாயை அதே சுவரோடு 31.8 ஆக்கினால் விறைப்பு 37 சதவீதம் ஏறும். சுவரை 0.8-லிருந்து 0.6 மில்லிக்கு இறக்கினால் 25 சதவீதம் இறங்கும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால் சைக்கிள் விளம்பரங்களில் பாதியைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

அலுமினியத்தின் கதையையே பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் விட்டஸ் 979 ஃப்ரேம் அலுமினியம்தான். குழாய்கள் ஸ்டீல் ஃப்ரேமைப் போல ஒல்லியாக இருந்தன. அதனால் அது வளைந்து கொடுக்கிற ஃப்ரேம் என்று பெயர் வாங்கியது. 1983-ல் அமெரிக்காவில் கேனண்டேல் தடித்த குழாய்களோடு வந்தது. "அலுமினியம் கல்லு மாதிரி" என்ற பேச்சு அந்த வகை ஃப்ரேம்களால்தான் பரவியது. உலோகம் ஒன்று, கெட்ட பெயர் இரண்டு, அதுவும் நேர் எதிரெதிராக. தொளதொள என்று சொல்லப்பட்ட அந்த விட்டஸில்தான் அயர்லாந்துப் பந்தய வீரர் ஷான் கெல்லி பந்தயம் பந்தயமாக ஜெயித்தார். அவர் ஸ்பிரிண்டில் கடைசி இருநூறு மீட்டரைக் காலால் உடைக்கிற ஆள். ஃப்ரேம் பாதியைத் தின்றிருந்தால் அவர் எங்கே ஜெயித்திருப்பார்?

அந்தப் "பாதி"யை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இங்கேதான் உங்கள் நண்பர்கள் வசமாக மாட்டுகிறார்கள்.

ஏற்றத்தில் உட்கார்ந்து 200 வாட் போடுகிறீர்கள், நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 170 மில்லி கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) ஒவ்வொரு மிதியின் உச்சத்திலும் பெடலில் விழும் விசை சுமார் 300 நியூட்டன், அதாவது முப்பது கிலோ மூட்டையை வைத்தது போல. ஃப்ரேமின் அடிப்பகுதி, பி.பி. (கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) இருக்கிற இடம், 50 நியூட்டனுக்கு ஒரு மில்லி நகர்கிறது என்று எடுத்துக்கொண்டால் 6 மில்லி நகரும். ஸ்ப்ரிங்கில் சேரும் ஆற்றல் விசையில் பாதி பெருக்கல் நகர்வு: 0.9 ஜூல். நிமிடத்துக்கு 160 மிதி, ஆக 2.4 வாட். இதைவிட 20 சதவீதம் விறைப்பான ஃப்ரேமில் அது 2 வாட். இரண்டுக்கும் நடுவே 0.4 வாட்.

இது ஃப்ரேமுக்குள் போய்ச் சேர்கிற ஆற்றல் மட்டும்தான். ஸ்டீல், டைட்டானியம், அலுமினியம் எல்லாமே நல்ல ஸ்ப்ரிங்குகள். வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். உள்ளே வெப்பமாகக் கரைவது மிகக் கொஞ்சம். திரும்பி வருவது முழுக்க சக்கரத்துக்குப் போகிறதா, கொஞ்சம் காலைத் தள்ளுவதில் வீணாகிறதா என்று விவாதிக்கலாம். சரி, ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை என்றே கொள்வோம். 200-ல் 0.4 வாட் என்பது ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏழு வினாடி. அவ்வளவுதான் அந்தப் "பாதி".

ஆனால் உங்கள் நண்பர்கள் புது சைக்கிளில் முன்னைவிட வேகமாக ஏறியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்றால், ஒரு கிலோ குறைந்தால் அதே ஒரு மணி நேரத்தில் நாற்பது வினாடி மிச்சம். புது சைக்கிள் இரண்டு கிலோ குறைவாக இருந்திருக்கும், கியர் வசதியாக இருந்திருக்கும், புது டயர், புது செயின். போதாததற்குப் புது சைக்கிள் வாங்கிய மாதத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமை தூங்குவதில்லை. (சமவெளியில் என்றால் இதெல்லாம்கூடச் சில்லறைக் கணக்கு. ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குத் திரும்பி வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேர் எதிரே நின்று தள்ளும்போது 0.4 வாட்டைத் தேடுவது, ஆற்று வெள்ளத்தில் போட்ட உப்பைத் தேடுவது மாதிரி.)

இனி "மெத்தென்று", "கல்லு மாதிரி" என்ற பேச்சுக்கு வருவோம். இது மேலும் கீழுமான அதிர்வைப் பற்றியது. பேச்சு அதிகம், விஷயம் கம்மி.

வைர வடிவ ஃப்ரேம் என்பது இரண்டு முக்கோணங்கள். மேலிருந்து அழுத்தும்போது குழாய்கள் வளைவதில்லை, நீளவாக்கில் நசுங்கவோ இழுபடவோ பார்க்கின்றன. எந்தக் குழாயும் அந்தத் திசையில் மகா முரடு. ஒரு குழியில் இறங்கினால் டயர் பல மில்லிமீட்டர் அமுங்கும், சீட் அமுங்கும், சீட் போஸ்ட் நீளமாக வெளியே இருந்தால் அதுவும் வளையும், ஃபோர்க் முன்னும் பின்னும் அசையும், ஃப்ரேமின் பங்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு துண்டு. ஸ்ப்ரிங்குகளை வரிசையாகக் கோத்தால் இருப்பதிலேயே மென்மையானதுதான் கணக்கில் வரும். பஞ்சு மெத்தைக்கு அடியில் கிடப்பது தேக்குக் கட்டிலா, இரும்புக் கட்டிலா என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது.

என் அப்பா ஓட்டிய டபுள் பார் ஹெர்குலிஸைப் பற்றி ஊரில் இன்றைக்கும், "அந்தக் காலத்து இரும்புங்க, ரோட்டுக் குழியே தெரியாது" என்பார்கள். தெரியாமல் இருந்தது உண்மை. ஒன்றரை அங்குல டயர், சுருள் ஸ்ப்ரிங் வைத்த தோல் சீட், படுத்தாற்போல் சாய்ந்த ஃபோர்க், நீளமான உடம்பு. இந்த நான்கும் செய்த வேலைக்கு இரும்பு பாராட்டு வாங்கிக்கொண்டது. அதே ஃப்ரேமில் 25 மில்லி டயரை மாட்டி நூறு பி.எஸ்.ஐ. காற்றடித்து அதே மண்ரோட்டில் விட்டிருந்தால், அந்தக் காலத்து இரும்பைப் பற்றி அப்பாவே வேறு மாதிரி பேசியிருப்பார்.

சரவணம்பட்டியில் என் கூட்டாளி ஒருவர் அலுமினிய சைக்கிள் வாங்கி ஒரு வாரத்தில் விற்கப்போவதாகச் சொன்னார். மணிக்கட்டு வலிக்கிறது, ஃப்ரேம் கல்லு மாதிரி இருக்கிறது என்று புலம்பல். பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். டயரில் அமுக்கிப் பார்த்தால் விரல் இறங்கவில்லை. கேஜ் வைத்தால் 110. கடையில் டயர் ஓரத்தில் எழுதியிருந்த உச்ச அளவைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எழுபத்தைந்துக்கு இறக்கிவிட்டு, "ஹேண்டில் கப் கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, சரி பண்ணியிருக்கறேன், ஓட்டிப் பாருங்க" என்று அனுப்பினேன். கோவில்பாளையம் தாண்டி அன்னூர் வரை போய்விட்டு வந்தார். இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தது. "ஃப்ரேம் இப்பத்தானுங்க செட் ஆயிருக்குது. புதுசுல அப்படித்தான் இருக்கும்போல" என்றார். இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். இன்னும் பாதி நம்பிக்கைதான் அவருக்கு.

அவர் உணர்ந்தது நூற்றுக்கு நூறு நிஜம். பெயர்தான் மாறிப்போனது.

வெளிநாடுகளில் இதைக் கண்ணைக் கட்டிய மாதிரி சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் ஓர் அமெரிக்க சைக்கிள் இதழுக்காக இத்தாலிய ஃப்ரேம் கைவினைஞர் அன்டோனியோ மொண்டோனிகோ ஏழு ஃப்ரேம்கள் செய்து கொடுத்தார். ஒரே அளவு, ஒரே கோணங்கள். கொலம்பஸ் நிறுவனத்தின் குழாய்களில் மலிவானதிலிருந்து விலை உயர்ந்தது வரை ஏழு வகை. எது எந்தக் குழாய் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லவில்லை. அனுபவமுள்ள ஆள் ஓட்டியும், விலைப்பட்டியல் சொல்கிற வித்தியாசம் சாலையில் தட்டுப்படவில்லை. இதைக் காட்டி "எல்லாமே மனப்பிரமை" என்று முடிப்பவர்களும் உண்டு.

அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். பைசிக்கிள் குவார்ட்டர்லி என்ற இதழை நடத்திய ஜான் ஹைன், வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருந்து சுவர்த் தடிமனில் மட்டும் வேறுபட்ட ஃப்ரேம்களை, எது எதுவென்று ஓட்டுகிறவருக்குச் சொல்லாமல் சோதித்தபோது, எல்லோராலும் முடியவில்லை என்றாலும் சிலரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்குப் பிடித்தது மெலிந்த குழாய், அதாவது கூடுதலாக வளைகிற ஃப்ரேம். காலின் தாளத்தோடு ஃப்ரேமின் நெகிழ்வு ஒத்துப்போகிறது என்பது அவர் விளக்கம். வேகமாகவும் போகிறது என்று அவர் சொல்லும்போது, மேலே போட்ட 2.4 வாட் கணக்கு என் மூக்கை இடிக்கிறது. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் உணர முடிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் கை ஒரு ஸ்ப்ரிங்குக்கும் இன்னொன்றுக்கும் விறைப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால்தான் உறுதியாகப் பிரித்துச் சொல்லும். 28.6-க்கும் 31.8-க்கும் இடையிலான 37 சதவீதம் அந்த வாசலைத் தாண்டுகிறது. ஒரு கம்பெனி போன வருட மாடலைவிடப் "பத்து சதவீதம் கூடுதல் விறைப்பு" என்று போடுவது தாண்டவில்லை. ஜெர்மனியின் டூர் இதழ் ஃப்ரேம்களை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) மாட்டி, பி.பி. எவ்வளவு நகர்கிறது, முன்கழுத்து எவ்வளவு முறுக்குகிறது என்று அளந்து எண்ணாகவே வெளியிடுகிறது. எண்ணில் வித்தியாசம் இருக்கும். காலில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, எந்த இடத்தில் சந்தேகமில்லாமல் தெரியும்? முறுக்கத்தில். முன்கழுத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஃப்ரேம் துணி பிழிவது போல முறுக்கும்போது. சுமையோடு இறக்கத்தில் போனால் இது தெரிந்தே தீரும்.

என் ஸ்டீல் சைக்கிளின் மேல்குழாய் ஒல்லி, நடுவில் சுவர் 0.6 மில்லி. சுமையில்லாமல் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஒருமுறை பின் கேரியரின் மேல் ஒரு பையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்; பன்னிரண்டு கிலோ இருக்கும், உயரமாகவும் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் உதறத் தொடங்கியது. முதலில் மெல்லிசாக; அடுத்த நொடி கையிலிருந்து பிடுங்குகிற வேகத்தில். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் மோசம். எப்போதோ கேள்விப்பட்டது ஞாபகம் வந்து, முழங்கால் இரண்டையும் மேல்குழாயோடு சேர்த்து நெருக்கினேன், சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் எடுத்தேன். நின்றது. மெதுவாகப் பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் அதே பையை அதே மாதிரி, தடித்த குழாய் போட்ட ஒரு நண்பரின் டூரிங் சைக்கிளில் கட்டி அதே இறக்கத்தில் இறங்கினேன். ஒன்றுமே இல்லை.

அப்பா சொசைட்டிக்குப் பால் கொண்டு போகும்போது கேரியரில் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். ஏறி உட்கார்ந்து முதல் பத்து மிதிக்கு சைக்கிள் வாலாட்டும். டபுள் பாரில் அந்த இரண்டாவது பார் சும்மா அலங்காரத்துக்கு இல்லை என்பது அப்படி ஓட்டியவர்களுக்குத் தெரியும். சுமை ஏற்றாத, நாற்பதைத் தாண்டாத ஆளுக்கு அதே பார் வீண் எடை.

இன்னொரு இடம்: நின்று மிதிக்கும்போது செயின் முன் டீரெய்லரின் (முன்னால் கியர் மாற்றும் கருவி) தகட்டில் உரசும் சத்தம். இதில் ஃப்ரேமுக்கும் பங்கு உண்டு. ஆனால் கிராங்க், பின்சக்கரம், தளர்ந்த ஸ்போக்ஸ் எல்லாம் அதே சத்தத்தைத் தரும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து ஸ்போக்ஸை ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு "ஃப்ரேம் நல்லா இருக்குதுங்க" என்று சொன்னவர்கள் பலர். கடையில் சைக்கிளை நிறுத்தி, பெடலைப் பக்கவாட்டில் காலால் தள்ளி "பார், எப்படி வளையுது" என்று காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். அப்போது வளைவதில் டயரும் சக்கரமும் ஒரு பெரும் பங்கு.

காதையும் சொல்ல வேண்டும். பெரிய விட்டம், மெலிந்த சுவர் என்றால் அது மேளம் மாதிரி. கார்பன், தடித்த அலுமினியம் இரண்டும் சாலையின் கரகரப்பைப் பெரிதாக்கிக் காட்டும். ஒல்லி ஸ்டீல் சத்தம் போடாது. சத்தமான வண்டி முரடாகவும், அமைதியான வண்டி மெத்தென்றும் மனதில் பதிகிறது. காதில் பஞ்சு வைத்து ஓட்டிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான்; பொள்ளாச்சி ரோட்டில் லாரிக்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

கார்பனுக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உலோகக் குழாயில் எல்லாத் திசையிலும் ஒரே குணம். கார்பனில் இழையை எந்தத் திசையில் படுக்க வைக்கிறார்களோ அந்தத் திசையில்தான் விறைப்பு. பி.பி.யைக் கெட்டியாக வைத்துக்கொண்டே சீட் போஸ்டை வளைய விட முடியும். நன்றாகச் செய்யப்பட்ட கார்பன் சைக்கிள் லேசாகவும் இதமாகவும் இருக்கும், இதில் மாயம் எதுவும் இல்லை. அதனால் உங்கள் ஸ்டீல் பாதியை விழுங்குகிறது என்றாகிவிடாது.

பத்து வருடத்தில் ஃப்ரேம் தளர்ந்து போயிருக்குமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரும்பு ஓட்ட ஓட்டத் தளர்வதில்லை. வாங்கிய அன்று என்ன விறைப்போ அதேதான் இன்றும். திடீரென்று தளர்ந்த மாதிரி இருந்தால் பி.பி. பேரிங், ஹேண்டில் கப், பின் ஆக்சில் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வண்டி ஆடுகிறதென்றால், பின்சக்கரத்தைக் கழற்றி, செயின் ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்ப்பக்கக் குழாய்) பி.பி.யோடு சேரும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். கோடு இல்லையென்றால் 28 மில்லி டயர் ஒரு ஜோடி வாங்கி மாட்டி, உங்கள் எடைக்கு முன்னால் எழுபது, பின்னால் எழுபத்தைந்து வைத்து, யாரிடமும் சொல்லாமல் அடுத்த ஞாயிறு ஆழியாறு போங்கள். நண்பர்களில் ஒருவரை அதில் ஏற்றி இரண்டு வளைவு ஓட்டச் சொல்லுங்கள். ஃப்ரேமைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.